'ஹஹ' யாருடைய அம்மா?

போன முறை ஜப்பானிய எழுத்துகளைப் பற்றி எழுதிவிட்டு, அடுத்து எது வேண்டும் என்று கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உறவுச் சொற்களைப் பற்றித்தான். எனக்கும் மிகவும் பிடித்த பாடம் அது. 1993 முதல் 1999 வரை ஷிஸுவொகா மாவட்டத்து ஹமமட்சு ஊரில் குடியிருந்தேன். என் இரண்டாவது பிள்ளை அங்கேதான் பிறந்தான். ஊர் திரும்பியதிலிருந்து மாம்பலத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுத்து வருகிறேன். உறவுச் சொல் பாடம் நடத்தும் நாளில் வகுப்பு ஒரு மணி நேரத்தில் முடிந்ததே இல்லை.

படிக்கும் முன் ஒரு வேண்டுகோள். நான் 'த' என்று எழுதும் இடங்களில் 'தமிழ்' என்பதில் வரும் அழுத்தமான 'த'வைச் சொல்லுங்கள், 'அது' என்பதில் வரும் மெல்லிய ஒலி வேண்டாம். குறிலைக் குறிலாகவும் நெடிலை நெடிலாகவும் படியுங்கள். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பது கீழே மூன்றாவது கடிதத்தில் தெரியும்.

டீச்சர், டிசம்பரில் ஜப்பானிய மொழித் தொடக்கநிலைத் தேர்வான என்5 எழுதப் போகிறேன். அப்பாவுக்கு 'ச்சிச்சி', 'ஒதோஸன்' என்று இரண்டு சொல். அம்மாவுக்கு 'ஹஹ', 'ஒகாஸன்'. அண்ணன், அக்காவுக்கும் இதே கதை. ஒன்றை மட்டும் படித்தால் போதாதா? அப்பாவைப் போய் 'ச்சிச்சி' என்று சொல்ல எனக்கு வாயே வரவில்லை.
— கல்லூரி மாணவர், திருப்பூர்

இரண்டையும் படித்துத்தான் ஆக வேண்டும், தம்பி. ஆனால் ஒரே பொருளுக்கு இரண்டு சொல் என்று நினைத்துப் படித்தால் தேர்வு அறையில் குழம்பிவிடும். ச்சிச்சி என்றால் 'என் அப்பா'. வெளியாளிடம் பேசும்போது மட்டும் வரும் சொல். ஒதோஸன் என்றால் 'உங்கள் அப்பா', 'அவருடைய அப்பா'. நம் அப்பாவை நேரில் கூப்பிடவும் ஒதோஸன்தான். அதனால் அப்பாவின் முகத்தைப் பார்த்து 'ச்சிச்சி' என்று நீங்கள் ஒருநாளும் சொல்லப் போவதில்லை. அந்தக் கவலையை விட்டுவிடுங்கள்.

ஜப்பானியர் மனதில் எப்போதும் ஒரு வாசற்படி இருக்கிறது. படிக்கு உள்ளே இருப்பவர்கள் 'உச்சி', வெளியே இருப்பவர்கள் 'ஸொதொ'. வெளியாளிடம் பேசும்போது நம் வீட்டு ஆளை உயர்த்திச் சொல்லக் கூடாது. அதனால் மரியாதை காட்டும் 'ஒ'வும் 'ஸன்'னும் கழன்றுவிடும். அண்ணன் 'அனி', அக்கா 'அனெ', தாத்தா 'ஸொஃபு', பாட்டி 'ஸொபொ'. எதிரில் இருப்பவர் வீட்டு ஆட்களைச் சொல்லும்போது அவர்களே ஒனீஸன், ஒனேஸன், ஒஜீஸன், ஒபாஸன் ஆகிவிடுவார்கள். அலுவலகத்திலும் இதே கணக்குதான். வாடிக்கையாளர் போன் செய்தால், நம் மேலாளரின் பெயரை 'ஸன்' போடாமல்தான் சொல்ல வேண்டும். வீட்டில் எல்லோரும் அப்பாவை 'வந்தார், போனார்' என்றே சொல்லி வளர்ந்த நமக்கு இது பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

எனக்கும் நாள் பிடித்தது. கும்பகோணத்திலிருந்து என் அம்மா வந்து எங்களுடன் இருந்த சமயம், மூத்தவளுக்குக் காய்ச்சல். குழந்தைகள் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மாத்திரை விவரமெல்லாம் அம்மா கையில் இருந்தது, அவர் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தார். நர்ஸிடம் "ஒகாஸன் வருகிறார்" என்று சொன்னேன். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளையைத் தூக்கி வரும் பெண்ணை அங்கே எல்லோரும் 'ஒகாஸன்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைப் பொறுத்தவரை ஒகாஸன் ஏற்கெனவே வந்தாயிற்று, அது நான்தான். "ஹஹ வருகிறார்" என்று சொல்லியிருந்தால் ஒரு நொடியில் புரிந்திருக்கும். பிள்ளையின் கொதிக்கும் நெற்றி என் தோளில், வாயில் சரியான சொல் இல்லை. அன்று கற்ற 'ஹஹ' இன்று வரை மறக்கவில்லை.

நமக்கு இது முற்றிலும் அந்நியமான வழக்கம் என்று நினைக்காதீர்கள். பள்ளியில் படித்த குறுந்தொகைப் பாட்டு ஞாபகம் இருக்கிறதா? 'யாயும் ஞாயும் யாரா கியரோ, எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்'. யாய் என் தாய், ஞாய் உன் தாய். எந்தை என் தந்தை, நுந்தை உன் தந்தை. 'என்', 'உன்' என்று தனியாகச் சேர்க்கத் தேவையில்லாமல் சொல்லே யாருடைய அம்மா என்று காட்டிவிடுகிறது. ஹஹ கிட்டத்தட்ட யாய், ஒகாஸன் கிட்டத்தட்ட ஞாய். மரியாதைக் கணக்கு வேறு என்றாலும், என் மாணவர்களுக்கு இந்த ஒரு வரியைச் சொன்ன பிறகு குழப்பம் பாதி தீர்ந்துவிடுகிறது.

எங்கள் வீட்டில் நான்கு பேர். 'யொன்னின்' என்று எழுதினேன், தவறு என்று அடித்துவிட்டார்கள். நான்கு 'யொன்' தானே?
— பள்ளி மாணவி, ஈரோடு

நான்கு 'யொன்' தான் கண்ணு. ஆனால் ஆட்களை எண்ணும்போது ஒரு 'ன்' குறைந்து 'யொனின்' ஆகும். நான்குக்கு 'ஷி' என்ற இன்னொரு சொல்லும் இருக்கிறதே என்று அதைச் சேர்த்துவிடாதே. 'ஷினின்' என்றால் இறந்துபோன மனிதர்.

இதோடு இன்னொன்றையும் தெரிந்துகொள். 'ஸன்னின் கியோதை' என்று ஒருவர் சொன்னால், அவருக்கு உடன்பிறந்தவர் மூன்று பேர் என்று எழுதிவிடாதே. அவரையும் சேர்த்து மூன்று பேர். கேட்டல் தேர்வில் இதில் மதிப்பெண் விட்டவர்கள் நிறைய.

நர்ஸிங் முடித்துவிட்டு, ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்காக மொழி படிக்கிறேன். அங்கே இருக்கும் பெரியவர்களை நம் ஊர் மாதிரி 'தாத்தா, பாட்டி' என்று கூப்பிடலாமா? அன்பாக இருக்குமே.
— வாசகி, நாகர்கோவில்

உன் அன்பு புரிகிறது அம்மா. ஆனால் அங்கே அப்படிக் கூப்பிடாதே. பராமரிப்பு இல்லங்களில் குடும்பப் பெயரோடு 'ஸன்' சேர்த்துக் கூப்பிடுவதுதான் முறை. எழுபது வருடம் ஓர் ஆசிரியராக, தச்சராக, கடைக்காரராகத் தன் பெயரோடு வாழ்ந்தவர், படுக்கையில் விழுந்ததும் பெயர் போய் வெறும் 'பாட்டி' ஆகிவிட்டால் அவருக்கு வலிக்கும். நம் ஊரில் முன்பின் தெரியாத பெரியவரைப் 'பாட்டி' என்றால் உறவு கொண்டாடுவது. அங்கே அதுவே சில சமயம் 'உனக்கு வயதாகிவிட்டது' என்று சொல்வதாகிவிடும். அவர்களாகவே 'என்னை பாட்டி என்றே கூப்பிடு' என்று சொன்னால்கூட, இல்லத்தில் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

சொல்லைத் தெரிந்து வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். பார்க்க வரும் பேரப்பிள்ளைகள் அதைத்தானே சொல்வார்கள்! பாட்டி 'ஒபாஸன்', அத்தை அல்லது சித்தி 'ஒபஸன்'. தாத்தா 'ஒஜீஸன்', மாமா அல்லது சித்தப்பா 'ஒஜிஸன்'. வித்தியாசம் குறிலும் நெடிலும்தான். நாற்பத்தைந்து வயதுப் பெண்மணியிடம் 'ப'வைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் அவரைப் பாட்டி ஆக்கிவிடுவோம். குறிலும் நெடிலும் கலந்தால் பொருளே மாறும் என்பதை 'கல்', 'கால்' படித்த காலத்திலிருந்து நாம் அறிவோம். எழுத்திலேயே இரண்டையும் பிரித்து எழுதும் மொழி நம்முடையது. ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் படிக்காமல், தமிழில் எழுதிப் படித்துவிட்டு சீக்கிரம் ஜப்பானியரின் அடிப்படை எழுத்தான ஹிரகனாவுக்குப் போய்விடு.

அத்தை வயதில் ஒரு பெண்ணைத் தெருவில் கூப்பிட வேண்டியிருந்தால் 'ஒபஸன்' கூட வேண்டாம். நிறையப் பேருக்கு அது பிடிப்பதில்லை. 'ஸுமிமஸென்' போதும். மன்னிக்கவும், கொஞ்சம் கேளுங்கள், நன்றி எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல் உதவும்.

அண்ணன் 'அனி' என்கிறீர்கள். நம் 'அண்ணன்' அங்கே போய்த் தேய்ந்து 'அனி' ஆகியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று ஜப்பானியப் பேராசிரியரே சொல்லியிருக்கிறாரே?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

ஐயா, நீங்கள் சொல்வது சுசுமு ஓனோவை (1919–2008). ககுஷுயின் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர், பழைய ஜப்பானிய மொழியில் பெரிய அறிஞர். அறுபது வயதை ஒட்டி நம் ஊருக்கு வந்து தமிழ் படித்து, சங்க இலக்கியத்தைத் தன் நாட்டு மக்களிடம் கொண்டுபோன மனிதர். அவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவர் சொன்ன உறவைப் பெரும்பாலான மொழியியலாளர்கள், ஜப்பானியர் உட்பட, ஏற்கவில்லை. எனக்கும் அவர்கள் சொல்வதே சரி என்று படுகிறது.

இரண்டு மொழிகளில் நான்கைந்து சொற்கள் ஒன்றுபோல ஒலிப்பது எங்கும் நடப்பதுதான். உறவு என்றால் ஒலிகள் ஓர் ஒழுங்கில் மாறியிருக்க வேண்டும். அண்ணன் 'அனி' ஆனது என்றால் தம்பிக்கும் தங்கைக்கும் அப்படி ஏதாவது தடம் இருக்க வேண்டும். தம்பி 'ஒதோதொ'. பழைய மொழியில் 'ஒதொ' என்றால் இளையது, 'ஹிதொ' என்றால் ஆள். 'இளைய ஆள்' என்ற இரண்டு ஜப்பானியச் சொற்கள்தான் ஒட்டி உருகியிருக்கின்றன. தங்கை 'இமோதொ'வும் அப்படியே, 'இமொ'வோடு 'ஹிதொ'. இந்த 'இமொ'வை எட்டாம் நூற்றாண்டுப் பாடல்களில் ஆண்கள் தங்கள் காதலியை அழைக்கும் சொல்லாகப் பார்க்கலாம்.

உங்களைப் போல் மொழியை நேசிப்பவருக்கு 'ஹஹ'வின் கதை பிடிக்கும் என்பதால் சொல்கிறேன். ஜப்பானில் 1516-ஐச் சேர்ந்த விடுகதைத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதில் ஒரு விடுகதை: 'அம்மாவை இரண்டு முறை சந்திக்கும், அப்பாவை ஒரு முறைகூடச் சந்திக்காது. அது என்ன?' விடை, உதடு. இன்று 'ஹஹ' என்று சொல்லிப் பாருங்கள், உதடு அசையவே அசையாது. விடுகதை பொருந்தவில்லையே என்று யோசித்தபோதுதான் அன்றைய உச்சரிப்பு பிடிபட்டது. அந்தக் காலத்தில் அது 'ஃபஃப' என்று உதடுகளை நெருக்கிச் சொல்லும் சொல். அதற்கும் வெகு முன்னால் 'பப' என்றே இருந்திருக்கிறது. காற்றோடு போன ஒலியை ஒரு விடுகதை ஐந்நூறு வருடம் பத்திரமாக வைத்திருந்து கொடுத்திருக்கிறது! நம் அம்மாவுக்கும் உதடு ஒட்டும், அப்பாவுக்கும் ஒட்டும். இங்கே அந்த விடுகதை போட முடியாது.

இன்று எல்லோரும் சொல்லும் ஒதோஸனும் ஒகாஸனும் அவ்வளவு பழையவை அல்ல. முன்பு ஊருக்கு ஒன்று, குலத்துக்கு ஒன்று என்று அழைத்துவந்தார்கள். சாமுராய் வீடுகளில் 'ச்சிச்சிஉஎ', 'ஹஹஉஎ'. 1904-இல் பள்ளிகளுக்கு வந்த அரசுப் பாடநூல்தான் இந்த இரண்டு சொற்களையும் நாடு முழுக்கக் கொண்டுசேர்த்தது.

பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை, சித்தி எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். அகராதியில் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது.
— மொழிபெயர்ப்பாளர், ஸ்ரீபெரும்புதூர்

வாயால் சொல்லும்போது எல்லா ஆண்களும் 'ஒஜி', எல்லாப் பெண்களும் 'ஒப'. அப்பா வழியா அம்மா வழியா என்ற கணக்கே கிடையாது. ஆனால் எழுதும்போது ஒரு நுட்பம் இருக்கிறது. பெற்றோருக்கு மூத்தவர் என்றால் ஒரு கான்ஜி (சீனத்திலிருந்து வந்த எழுத்து), இளையவர் என்றால் வேறு கான்ஜி. படிப்பது இரண்டையும் 'ஒஜி' என்றே. பெரியப்பாவும் சித்தப்பாவும் எழுத்தில் இருக்கிறார்கள், காதில் இல்லை. நீங்கள் ஆவணங்களை மொழிபெயர்ப்பவர் என்றால் இதைக் கவனிக்காமல் விடாதீர்கள்.

தாய்மாமன் என்று குறிப்பாகச் சொல்ல 'ஹஹ நொ ஒதோதொ', அம்மாவின் தம்பி என்று விரித்துத்தான் சொல்ல வேண்டும். மாமன் மகளும் சித்தப்பா மகளும் ஒன்றாக 'இதொகொ'. யார் முறைப்பெண், யார் தங்கை முறை என்ற பேச்சு அங்கே எழுவதில்லை. ஆனால் ஒன்று, சட்டப்படி அங்கே எந்த 'இதொகொ'வையும் மணக்கலாம். தாய்மாமனை மணக்க முடியாது. மதுரைப் பக்கத்து மாணவிகளிடம் இதைச் சொன்னால் அன்று வகுப்பு அதோடு சரி.

கணவருடன் தோக்கியோ நிஷிகஸயில் இருக்கிறேன். பக்கத்து வீட்டு ஜப்பானியப் பெண் தன் கணவரையே 'ஒதோஸன்' என்கிறார். எனக்கு முதலில் அது அவருடைய அப்பா என்றே தோன்றியது. என் கணவரை மற்றவர்களிடம் நான் எப்படிச் சொல்வது?
— வாசகி, தோக்கியோ

அவர்கள் வீட்டில் குழந்தை இருக்கும், சரிதானே? குழந்தை பிறந்ததும் வீட்டிலுள்ளவர்கள் எல்லோருக்கும் பெயர் மாறிவிடும். குழந்தைக்கு அவர் ஒதோஸன், அதனால் மனைவிக்கும் ஒதோஸன். நம் ஊரிலும் 'ஏங்க, கண்ணன் அப்பா' என்று கூப்பிடுகிற பெண்கள் இருக்கிறார்களே, அதில் 'கண்ணன்' என்பதை எடுத்துவிட்டால் இதுதான்.

உங்கள் கணவரை 'ஒத்தொ' என்று சொல்லுங்கள். 'ஷுஜின்' என்ற சொல் பரவலாக இருக்கிறது. ஆனால் அதற்கு எஜமானர் என்று பொருள், இளைய பெண்கள் பலர் தவிர்க்கிறார்கள். என் மாணவிகளுக்கு நானும் 'ஒத்தொ'வையே சொல்லித் தருகிறேன். அடுத்தவர் கணவரைக் குறிக்க மட்டும் 'கொஷுஜின்' என்பதை விட்டால் நல்ல வழி இன்னும் அமையவில்லை. 'தன்ன' என்றும் காதில் விழும். முதல் எழுத்தை 'தனம்' என்பதில் வருகிற மாதிரிச் சொல்ல வேண்டும். இது நம் 'தானம்' தான்! சமஸ்கிருதத் 'தான' புத்த பிக்குகளோடு சீனம் வழியாகப் போய், தானம் கொடுப்பவர் என்று ஆகி, வீட்டுக்குப் படியளப்பவர் என்று ஆகி, கடைசியில் கணவரிடம் வந்து நின்றுவிட்டது.

மனைவிக்கு 'த்ஸும'. பழைய ஆட்கள் சொல்லும் 'கனை'க்கு வீட்டுக்குள் என்று பொருள். நாம் மனையிலிருந்து மனைவியும் இல்லத்திலிருந்து இல்லாளும் செய்திருக்கிறோம். ஆனால் 'வீட்டுக்காரர்' என்று கணவரையும் வீட்டோடு சேர்த்துச் சொல்லும் வழக்கம் நமக்கு உண்டு. அது எனக்குப் பிடிக்கும்.

என் மகன் நகொயாவில் வேலை பார்க்கிறான். ஒரு ஜப்பானியப் பெண்ணை மணக்கப் போகிறான். அந்தப் பெண் என்னை எப்படிக் கூப்பிடுவாள்? நான் அவளை எப்படிக் கூப்பிடட்டும்?
— ஒரு தாய், பாளையங்கோட்டை

அக்கா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அவள் உங்களை 'ஒகாஸன்' என்று கூப்பிடுவாள். தன் சொந்த அம்மாவைக் கூப்பிடும் அதே சொல். கடிதம் எழுதினால் மட்டும் நடுவில் 'கி' என்ற ஒரு கான்ஜியைச் சேர்த்து, மாமியார் என்று காட்டுவாள். அந்த எழுத்து கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்காது. மற்றவர்களிடம் உங்களைச் சொல்லும்போது 'கிரி நொ ஹஹ' என்பாள். 'கிரி' என்றால் கடமையால் வந்த பந்தம்.

நீங்கள் அவளைப் பெயரோடு 'ஸன்' அல்லது 'ச்சன்' சேர்த்துக் கூப்பிடுங்கள். மருமகளுக்கு 'யொமெ' என்ற சொல் உண்டு, பெண்ணும் வீடும் சேர்ந்த எழுத்து. அதை வைத்துக் கூப்பிட வேண்டாம். நம் வழக்கப்படி அவள் உங்களை 'அத்தை' என்று கூப்பிட வேண்டும் என்று ஆசை இருந்தால், தயங்காமல் சொல்லிக்கொடுங்கள். ஜப்பானியருக்கு 'த்த' நன்றாக வரும். 'ஒத்தொ'விலேயே இருக்கிறது!

எட்டு வயது மகளும் நானும் சேர்ந்து படிக்கிறோம். அவள் தம்பியை 'ஒதோதொ, இங்கே வா' என்று கூப்பிடுகிறாள். கேட்க ஆசையாக இருக்கிறது. சரியா?
— வாசகி, கோவை

நம்மைப் போல் நினைத்தால் சரி, ஜப்பானிய வழக்கில் சரியில்லை. மூத்தவர்களை உறவு சொல்லிக் கூப்பிடலாம், இளையவர்களை முடியாது. அண்ணனை 'ஒனீச்சன்' என்று அழைக்கலாம், தம்பியை 'ஒதோதொ' என்று அழைக்க முடியாது, பெயர்தான். 'தம்பி', 'பாப்பா' என்று வாய் நிறையக் கூப்பிடும் நமக்கு இது ஒரு குறையாகத் தெரியும். மகளிடம் தம்பியின் பெயரோடு 'குன்' சேர்த்துக் கூப்பிடச் சொல்லுங்கள். 'ஒதோதொ'வை அவனைப் பற்றி மற்றவரிடம் பேசும்போது வைத்துக்கொள்ளட்டும்.

தகஒ ஸுஸுகி என்ற மொழியியலாளர் 1973-இல் இதையெல்லாம் விளக்கி எழுதினார். வீட்டில் கடைசிக் குழந்தை எங்கே நிற்கிறதோ அங்கே போய் நின்றுகொண்டுதான் ஜப்பானியர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுகிறார்கள் என்பது அவர் கண்டது. அதை நான் படிப்பதற்கு முன்பே பார்த்துவிட்டேன். 1996 மார்ச்சில் மகனை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மூத்தவளுக்கு அப்போது மூன்று வயது, அதுவரை தெரு முழுக்க அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். பக்கத்து வீட்டுப் பாட்டி வேகவைத்த சிவப்புப் பயற்றஞ்சோறு ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு வந்தார். தொட்டிலைப் பார்ப்பதற்கு முன் குனிந்து இவள் கையைப் பிடித்து, "ஒனேச்சன்" என்றார். மறுநாள் மீன்கடைக்காரரும் "ஒனேச்சன்" என்றார். அடுத்த வாரம் நானே அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் மட்டும் கொஞ்ச நாள் தன் பெயரைச் சொல்லி "என்னை ஏன் யாரும் கூப்பிடுவதில்லை?" என்று கேட்டாள். இரவில் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, காதோடு அவள் பெயரைச் சொல்லித் தூங்கவைப்பேன்.